பழைய வீடு வாங்குகிறீர்களா? ஆஸ்பெஸ்டாஸ் பற்றி கையெழுத்துக்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

பழைய வீடு ஒன்று பிடித்துப்போய், விலையும் ஏறக்குறைய படிந்துவிட்ட நேரத்தில், "கூரையைப் பார்த்தால் ஆஸ்பெஸ்டாஸ் மாதிரி இருக்கிறதே" என்று யாராவது சொல்லிவிட்டால், சிலர் பயந்துபோய் வீட்டையே விட்டுவிடுகிறார்கள். சிலர் "இத்தனை வருஷம் ஆட்கள் குடியிருந்த வீடுதானே" என்று எதையும் விசாரிக்காமல் வாங்கிவிடுகிறார்கள். பயந்தவர்கள் ஒரு நல்ல வீட்டை இழக்கலாம். விசாரிக்காதவர்கள், குடியேறிய கையோடு குளியலறையை இடித்துக் கட்டும்போது, அந்தத் தூசியைக் குடும்பத்தோடு சுவாசிக்கலாம். இரண்டாவதுதான் எனக்குப் பெரிய கவலை.

ஆஸ்பெஸ்டாஸ் எங்கே இருக்கிறது, எந்த நிலையில் இருக்கிறது, அந்த இடத்தில் நீங்கள் என்ன வேலை செய்யப் போகிறீர்கள் என்ற மூன்று கேள்விக்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே பதில் கிடைத்துவிட வேண்டும். அப்புறம் மிச்சமிருப்பது பணக் கணக்குதான்.

எதில் ஆபத்து

கல்நார் என்றும் சொல்லப்படும் ஆஸ்பெஸ்டாஸ், பூமியிலிருந்து தோண்டி எடுக்கும் கனிமம். இழை இழையாகப் பிரியும். கட்டுமானத்தில் அதிகம் புழங்கியவை வெள்ளை, பழுப்பு, நீலம் என்ற மூன்று ரகங்கள். அதிலும் பெரும்பகுதி வெள்ளை. நெருப்பு பிடிக்காது, துருப்பிடிக்காது, வெப்பத்தைத் தடுக்கும், விலையும் குறைவு. அதனால் கூரையிலிருந்து தரை வரை வீட்டில் அது போகாத இடமே இல்லை என்று ஆகிவிட்டது.

இந்த இழைகள் நீளவாக்கில் பிளந்துகொண்டே போய், கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மெலிந்துவிடும். காற்றில் மணிக்கணக்கில் மிதக்கும். மூச்சோடு உள்ளே போனால் நுரையீரலின் ஆழத்தில் தங்கும். உடம்பால் அவற்றைக் கரைத்து வெளியேற்ற முடியாது. நுரையீரல் தழும்பேறிச் சுருங்கும் ஆஸ்பெஸ்டோசிஸ், நுரையீரல் புற்றுநோய், நுரையீரலைச் சுற்றியுள்ள சவ்வில் வரும் மீசோதீலியோமா ஆகியவை இதனால் வரும் முக்கிய நோய்கள். பெரும்பாலும் 20 முதல் 40 ஆண்டுகள் கழித்துத்தான் தலைகாட்டும். புகைபிடிப்பவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் வாய்ப்பு பல மடங்கு கூடும். இவ்வளவு வரை சுவாசித்தால் பரவாயில்லை என்று ஒரு பாதுகாப்பான அளவு நிறுவப்படவில்லை. ஆனால் எவ்வளவு சுவாசித்தோம், எத்தனை காலம் சுவாசித்தோம் என்பதைப் பொறுத்து ஆபத்து ஏறும். ஒருமுறை பழைய ஷீட்டைத் தொட்டுவிட்டதாலேயே தூக்கம் கெட வேண்டியதில்லை.

வீடு வாங்குபவர் மனதில் வைக்க வேண்டிய பிரிவு, உதிரும் வகை, உதிராத வகை என்பதுதான். சிமெண்டோடு கலந்து கெட்டியாக்கிய கூரைத் தகட்டில் ஆஸ்பெஸ்டாஸ் பொதுவாக 10 முதல் 15 சதவீதம் வரைதான் இருக்கும். இழைகள் சிமெண்டுக்குள் இறுகிக் கிடக்கும். உடையாமல், அரிக்காமல் இருக்கும்வரை அது காற்றில் அதிகம் கலக்காது. குழாய்களைச் சுற்றிய பழைய வெப்பக் காப்பு உறை, உத்தரங்களில் பீய்ச்சியடித்த தீத்தடுப்புப் பூச்சு, பரணில் கொட்டிய தளர்வான பஞ்சு போன்றவை அப்படி அல்ல. விரலால் அழுத்தினாலே பொடியாகும். இவற்றில் ஆஸ்பெஸ்டாஸின் பங்கும் மிக அதிகமாக இருக்கக்கூடும். உதிரும் வகை இருப்பதாகச் சந்தேகம் வந்தால், அது தெளிவாகும்வரை வாங்கும் பேச்சை நிறுத்தி வையுங்கள்.

முதலில் வீட்டின் வயது

வீடு எந்த ஆண்டு கட்டியது, எந்தெந்த ஆண்டில் மாற்றிக் கட்டியது என்பதை ஆவணங்களிலிருந்து எடுங்கள். தடை வந்த ஆண்டோடு ஒப்பிட்டால் பாதிக் கதை தெரிந்துவிடும். பிரிட்டனில் நீலமும் பழுப்பும் 1985இல், வெள்ளை 1999இல் தடை செய்யப்பட்டன. ஆஸ்திரேலியாவில் 2003 டிசம்பர் 31 முதல் முழுத் தடை. ஐரோப்பிய ஒன்றியம் முழுவதற்கும் 2005, கனடாவில் 2018. அமெரிக்காவில் பீய்ச்சியடிக்கும் பூச்சுகளுக்கு 1970களிலேயே கட்டுப்பாடு வந்துவிட்டது; ஆனால் வெள்ளை ஆஸ்பெஸ்டாஸை முழுதாக நிறுத்தும் விதி 2024இல்தான் வந்தது. இந்தியாவில் வெள்ளை ஆஸ்பெஸ்டாஸ் கலந்த சிமெண்ட் தகடுகள் இன்றும் தயாராகின்றன. அங்கே வீடு புதிது என்பதால் மட்டும் இது இல்லை என்று சொல்லிவிட முடியாது.

தடை ஆண்டையும் கறாரான கோடாக நினைக்க வேண்டாம். கடையிலும் கிடங்கிலும் இருந்த சரக்கு தீரும்வரை விற்றிருப்பார்கள். மீந்த தகட்டைப் பத்திரப்படுத்தி வைத்திருந்து, பின்னாளில் தோட்டத்துக் கொட்டகைக்குப் போட்டவர்களும் உண்டு. தடைக்குப் பிறகு சில ஆண்டுகள்வரை கட்டிய வீட்டையும் சந்தேகக் கணக்கிலேயே வைப்பது நல்லது.

வீட்டைச் சுற்றிப் பார்க்கும்போது

கையில் ஒரு டார்ச்சும் போனும் போதும். எதையும் தட்டாதீர்கள், சுரண்டாதீர்கள், ஓரத்தை ஒடித்துப் பார்க்காதீர்கள். அது இன்னும் உங்கள் வீடும் இல்லை. பார்ப்பது, படம் எடுப்பது, எந்த அறை, எந்த மூலை என்று குறித்துக்கொள்வது. அவ்வளவுதான்.

வெளியிலிருந்து தொடங்குங்கள். நெளிநெளியான சாம்பல் நிறக் கூரைத் தகடு எல்லோர் கண்ணிலும் படும். அதோடு நிற்காமல் கூரை விளிம்பின் அடிப்பலகை, மழைநீர்க் குழாய், புகைபோக்கி, பழைய தண்ணீர்த் தொட்டி, கார் நிறுத்தும் கொட்டகை, வேலி என எல்லாவற்றையும் பாருங்கள். தகட்டின் மேல் பாசி படர்ந்து, மேற்பரப்பு சொரசொரப்பாகி, கீழே மழைநீர் ஓடும் வாய்க்காலில் சாம்பல் நிறச் சேறு தங்கியிருந்தால், சிமெண்ட் அரித்து இழைகள் கழன்று வருகின்றன என்று பொருள். அந்தச் சேற்றைக் கையால் அள்ளிவிடாதீர்கள். வெளிச்சுவரில் தட்டையான பலகைகளும், அவை சேரும் இடத்தை மறைக்கும் மெல்லிய பட்டைகளும் தெரிந்தால் அதையும் படம் எடுங்கள்.

உள்ளே வந்ததும் முதலில் ஈரம் புழங்கும் அறைகள். குளியலறையிலும் துணி துவைக்கும் இடத்திலும் ஓடுகளுக்குப் பின்னால் ஒட்டிய பலகை சந்தேகத்துக்குரியது. ஓடு மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும், பலகை தெரியாது. அதனால்தான் குளியலறை வேலையில் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். தரையில் சுமார் 23 செ.மீ. சதுரத்தில் பழைய வினைல் ஓடுகள் இருந்தால், ஓட்டிலும் இருக்கலாம், அதன் அடியில் உள்ள கறுப்புப் பசையிலும் இருக்கலாம். பழைய சுருள் வினைல் விரிப்பு என்றால் மேற்பரப்பைவிட அடியில் ஒட்டிய காகிதம் போன்ற படலம்தான் மோசம்; விரிப்பை உரிக்கும்போது அது கிழிந்து தூளாகும். மேலே கம்பளமோ புதுத் தரையோ போட்டிருந்தால், அலமாரிக்குள்ளோ படிக்கட்டின் கீழோ பழைய தரை எட்டிப் பார்க்கிறதா என்று கவனியுங்கள்.

அப்புறம் கொதிகலன் இருக்கும் அறை அல்லது நிலவறை. இங்கேதான் டார்ச்சுக்கு வேலை. குழாய் நேராகப் போகும் இடத்தைவிட, அது வளையும் முழங்கையை உற்றுப் பாருங்கள். வெள்ளைத் துணி சுற்றி மேலே சுண்ணாம்பு பூசியது போல ஒரு பருத்த கட்டு இருக்கும். துணி கிழிந்து, உள்ளிருந்து சாக்பீஸ் தூள் போல ஏதாவது கீழே கொட்டியிருந்தால், அறையை விட்டு வெளியே வந்துவிடுங்கள். கதவைச் சாத்தச் சொல்லி, நிபுணர் பார்க்கும்வரை யாரும் உள்ளே போக வேண்டாம் என்று வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள். பழைய அடுப்புக் கதவைச் சுற்றிய கயிறு, மின்சார மீட்டரைப் பொருத்திய கறுப்புப் பலகை, கணப்புக்குப் பின்னால் உள்ள பலகை ஆகியவையும் பட்டியலில் சேரட்டும்.

கூரையின் உட்புறத்தில் சொரசொரப்பான அலங்காரப் பூச்சு பல நாடுகளின் வீடுகளில் உண்டு. மேலே பெயிண்ட் அடித்து நன்றாக இருந்தால் உடனடிப் பிரச்சினை இல்லை. சுரண்டி வழவழப்பாக்க ஆசைப்பட்டால்தான் பிரச்சினை.

பரணில் மின்னும் கூழாங்கல் போன்ற, சாம்பலும் பழுப்பும் கலந்த லேசான துகள்கள் கொட்டிக் கிடந்தால், அது வெப்பத்தைத் தடுக்கக் கொட்டும் வெர்மிகுலைட் என்ற கனிமமாக இருக்கலாம். அமெரிக்காவின் மொண்டானா மாநிலத்தில் லிபி என்ற ஊரின் சுரங்கத்திலிருந்து வந்த வெர்மிகுலைட்டில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருந்தது. அந்தச் சுரங்கம் 1990 வரை ஓடியது. அதன் சரக்கு வட அமெரிக்காவில் ஏராளமான வீடுகளின் பரணுக்குப் போனது. இதில் ஒரு பிடி அள்ளிச் சோதித்துவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது. கலப்பு சீராக இருக்காது என்பதால் ஒரு மாதிரியில் இல்லாதது அடுத்த மூலையில் இருக்கும். இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு, பரணில் ஏறாமல், அங்கே பொருள் எதுவும் வைக்காமல் இருப்பதுதான் வழி.

பார்வையால் சந்தேகப்பட மட்டுமே முடியும். இன்று விற்கும் ஆஸ்பெஸ்டாஸ் இல்லாத சிமெண்ட் தகடும் பார்க்க அதே போலத்தான் இருக்கும். "எனக்கு முப்பது வருஷ அனுபவம், பார்த்தாலே சொல்லிவிடுவேன்" என்று கொத்தனாரோ தரகரோ சொன்னால், கேட்டுக்கொள்ளுங்கள். அதை வைத்து முடிவு எடுக்காதீர்கள்.

விற்பவரிடம் கேட்பது

பழைய ஆய்வு அறிக்கை ஏதும் இருக்கிறதா, எப்போதாவது எங்கேயாவது அகற்றினார்களா, அகற்றியவர் யார், வேலை முடிந்த பிறகு கொடுத்த சான்று எங்கே என்று எழுத்தில் கேளுங்கள். "அதெல்லாம் அப்போதே எடுத்தாச்சு" என்ற பதில் மட்டும் போதாது. ஆஸ்திரேலியத் தலைநகர் கான்பெராவில் 1960களின் இறுதியிலும் 70களிலும் பல வீடுகளின் பரணில் தளர்வான ஆஸ்பெஸ்டாஸ் பஞ்சை ஊதி நிரப்பினார்கள். பிறகு அரசே பெருஞ்செலவில் சுத்தம் செய்தது. ஆனால் சுவர் இடுக்குகளில் மிச்சம் தங்கியிருந்தது பின்னர் தெரியவந்து, 2014இல் தொடங்கிய திட்டத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளை அரசு வாங்கி இடிக்க நேர்ந்தது. முறையாகச் செய்த வேலைக்கே இந்தக் கதி என்றால், வாய்வார்த்தையை எப்படி நம்புவது?

ஆய்வும் மாதிரியும்

வழக்கமாக வீடு வாங்கும்போது வரும் பொது ஆய்வாளர் பெரும்பாலும் ஆஸ்பெஸ்டாஸைச் சோதிக்க மாட்டார். "இருக்க வாய்ப்புண்டு" என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போய்விடுவார். அந்த வரியைப் பார்த்ததும் ஆஸ்பெஸ்டாஸ் ஆய்வுக்கென்று தகுதி பெற்ற ஒருவரைத் தனியாக அமர்த்துங்கள். அவருக்கும் அகற்றும் வேலை எடுக்கும் நிறுவனத்துக்கும் எந்தத் தொடர்பும் இருக்கக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருப்பேன். அகற்றினால்தான் வருமானம் என்று இருப்பவர், எல்லாவற்றையும் அகற்றச் சொல்வார்.

ஆய்விலும் இரண்டு ரகம் உண்டு. ஒன்று, எதையும் உடைக்காமல் கண்ணுக்கும் கைக்கும் எட்டும் இடங்களைப் பார்ப்பது; குடியிருக்க மட்டும் போகிறீர்கள் என்றால் இது போதும். இன்னொன்று, சுவரைத் துளைத்து, தரையைத் திறந்து, மறைவிடங்களையும் பார்ப்பது. இடித்துக் கட்டும் வேலைக்கு முன் இதுதான் தேவை. வாங்குவதற்கு முன்னால் இரண்டாவதற்கு விற்பவர் சம்மதிக்க மாட்டார் என்பதே நடைமுறை. ஆகவே உங்கள் புதுப்பிப்புத் திட்டத்தை ஆய்வாளரிடம் விளக்கமாகச் சொல்லுங்கள். "இந்தச் சுவரை எடுக்கப் போகிறேன், இந்தத் தரையை மாற்றப் போகிறேன்" என்று சொன்னால், அங்கிருந்து மட்டுமாவது மாதிரி எடுக்க விற்பவரிடம் எழுத்து மூலம் அனுமதி கேட்கலாம்.

மாதிரி எடுப்பதைப் பக்கத்து அறையிலிருந்து கவனித்தால், வந்தவர் வேலை தெரிந்தவரா என்று புரிந்துவிடும். முதலில் மின்விசிறி, ஏசி எல்லாவற்றையும் நிறுத்துவார். கீழே பிளாஸ்டிக் விரிப்பார். இழைகளை வடிகட்டும் தரமான முகமூடி போட்டிருப்பார். துணி மாஸ்க்கும் மருத்துவமனை மாஸ்க்கும் இதற்கு உதவாது. தண்ணீரில் ஒரு சொட்டு சோப்புத் திரவம் கலந்து அந்த இடத்தை நனைப்பார். ஊறிய பிறகு, கண்ணில் படாத ஓரத்திலிருந்து சிறு துண்டு ஒன்றை, பூச்சின் எல்லா அடுக்குகளும் அடங்கும்படி எடுத்துப் பையில் போட்டு மூடி, அதை இன்னொரு பைக்குள் வைத்து எண்ணிடுவார். வெட்டிய இடத்தை டேப்போ பெயிண்டோ வைத்து அடைப்பார். கருவியையும் தரையையும் ஈரத்துணியால் துடைத்து, துணியையும் பையில் கட்டுவார். இதில் எதுவும் இல்லாமல் உளியால் ஒரு தட்டு தட்டி எடுத்தால், அவரை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

மாதிரி, அங்கீகாரம் பெற்ற பரிசோதனைக் கூடத்துக்குப் போக வேண்டும். பெரும்பாலும் துருவ ஒளி நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். வினைல் ஓடுகளில் இழைகள் மிக நுண்ணியவை என்பதால் அதில் தப்பிவிடும் வாய்ப்பு உண்டு. சந்தேகம் இருந்தால் எலக்ட்ரான் நுண்ணோக்கிச் சோதனை கேட்கலாம். கூரைப் பூச்சு போலக் கையால் கலந்து பூசியவற்றில் ஒரே மாதிரியை நம்ப வேண்டாம், இரண்டு மூன்று இடங்களிலிருந்து எடுக்க வேண்டும்.

அறிக்கை வந்ததும் எல்லோரும் "உண்டு", "இல்லை" என்ற பட்டியலைப் பார்ப்பார்கள். நீங்கள் "பார்க்க முடியாத இடங்கள்" என்ற பகுதியை முதலில் படியுங்கள். பூட்டியிருந்த பரண், ஓட்டுக்குப் பின்புறம், நிலவறை மூலை என்று அங்கே எழுதியிருக்கும். அவை சோதித்துத் தள்ளப்பட்டவை அல்ல, சோதிக்கவே படாதவை. "இருப்பதாகக் கொள்ளப்படுகிறது" என்று குறித்தவற்றையும் இருப்பதாகவே நடத்துங்கள்.

இருக்கிறது என்று தெரிந்த பிறகு

நல்ல நிலையில், யாரும் தொடாத இடத்தில் இருந்தால் அப்படியே விடுவது பெரும்பாலும் சரியான முடிவு. அகற்றுவதுதான் இழைகள் அதிகம் கிளம்பும் வேலை. மேற்பரப்பு லேசாகத் தளர்ந்திருந்தால் அதற்கென்று உள்ள பூச்சால் அடைக்கலாம். பழைய வினைல் தரையென்றால் உரிக்காமல் மேலே புதுத் தரை போடலாம். உதிரும் வகை, உடைந்தவை, குழந்தைகள் கைபடும் இடத்தில் இருப்பவை, நீங்கள் இடிக்கப் போகும் இடத்தில் இருப்பவை ஆகியவற்றை மட்டும் அகற்றக் கணக்குப் போடுங்கள்.

அகற்றுவதற்கு உரிமம் பெற்றவர்களே வர வேண்டும். ஆஸ்திரேலியாவின் பெரும்பாலான மாநிலங்களில் உதிராத வகையை 10 சதுர மீட்டர் வரை உரிமம் இல்லாமலே அகற்றச் சட்டம் இடம் தருகிறது. சட்டம் இடம் தந்தாலும் வேண்டாம் என்பதே என் கருத்து. மிச்சமாகும் பணம் அந்தத் தூசிக்கு ஈடாகாது. உதிரும் வகை என்றால் அறையைப் பிளாஸ்டிக்கால் அடைத்து, உள்ளே காற்றழுத்தத்தைக் குறைத்து வைத்து, கழிவை இரட்டை உறையில் கட்டி, இதற்கென்று அனுமதித்த இடத்தில் புதைப்பார்கள். முடிந்த பிறகு, அகற்றிய நிறுவனத்தைச் சேராத ஒருவர் காற்றை அளந்து சான்று தர வேண்டும். பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் ஒரு மில்லிலிட்டர் காற்றில் 0.01 இழைக்குக் கீழே இருப்பதுதான் அந்த அளவுகோல். சான்று கைக்கு வராமல் கடைசித் தவணையைக் கொடுக்காதீர்கள்.

பேரம்

அகற்றும் செலவுக்கு எழுத்தில் விலைப்புள்ளி வாங்கிக்கொண்டு விற்பவரிடம் உட்காருங்கள். கழிவைக் கொண்டுபோய்ப் புதைக்கும் செலவு, அகற்றிய இடத்தில் புதிதாகப் போடும் கூரை அல்லது தரையின் செலவு, வேலை நடக்கும் நாட்களில் வேறிடத்தில் தங்கும் செலவு எல்லாம் கணக்கில் வரட்டும். விற்பவரே அகற்றித் தருகிறேன் என்றால் கேட்க நன்றாக இருக்கும், ஆனால் அவர் மலிவான ஆளைத்தான் தேடுவார். விலையைக் குறைத்து வாங்கி, வேலையை உங்கள் மேற்பார்வையில் செய்வது மேல். அப்படி முடியாதபோது உரிமம் பெற்றவர், சுயேச்சையான சான்று என்ற இரண்டையும் ஒப்பந்தத்தில் நிபந்தனையாக எழுதுங்கள். ஆய்வின் முடிவு பிடிக்காவிட்டால் முன்பணத்தைத் திரும்பப் பெற்று விலகலாம் என்ற விதியும் அதில் இருக்க வேண்டும். வீட்டுக் காப்பீட்டில் ஆஸ்பெஸ்டாஸ் விலக்கப்பட்டிருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

குடியேறிய பிறகு

அறிக்கையையும் வீட்டின் வரைபடத்தில் குறித்த இடங்களையும் மின்சாரப் பலகைக்குப் பக்கத்தில் ஒரு நகல் வையுங்கள். வேலைக்கு வரும் எலக்ட்ரீஷியன், பிளம்பர், பெயிண்டர் யாராக இருந்தாலும் டிரில்லை எடுப்பதற்கு முன் அதைக் காட்டுங்கள். நமக்கு ஒருநாள் தூசி, அவர்களுக்கோ வீடு வீடாகத் தினமும். அந்த இடங்களில் துளையிடுவது, உப்புத்தாள் தேய்ப்பது, ரம்பம் போடுவது, கூரையை அழுத்தத் தண்ணீரால் கழுவுவது எதுவும் கூடாது. வருடம் ஒருமுறை அதே இடங்களைப் படம் எடுத்துப் பழைய படத்தோடு ஒப்பிட்டால், விரிசலோ உதிர்வோ தொடங்கியிருந்தால் தெரிந்துவிடும்.

தெரியாமல் ஏதாவது உடைந்துவிட்டால், எல்லோரையும் அறையை விட்டு வெளியே அனுப்பி, மின்விசிறியை நிறுத்தி, கதவைச் சாத்துங்கள். துடைப்பத்தால் கூட்டாதீர்கள், வீட்டு வேக்குவம் கிளீனரும் வேண்டாம், அது நுண்ணிழைகளை மறுபக்கம் வழியாக அறை முழுக்க ஊதிவிடும். உடுத்திய துணியில் தூசி பட்டிருந்தால் உதறாமல் கழற்றிப் பையில் கட்டிவிட்டுக் குளியுங்கள். சிறு துண்டு மட்டும் உடைந்ததா, நிறைய தூசி பறந்ததா என்று ஆய்வு செய்தவரிடம் போனில் சொன்னால், ஈரத்துணியால் துடைத்துக் கட்டினால் போதுமா, ஆள் வர வேண்டுமா என்று அவர் சொல்லிவிடுவார். அவர் சொல்லும்வரை அந்த அறைக் கதவு பூட்டியே இருக்கட்டும்.